காக்கும் கையா, பிடிக்கும் கையா?

2020 நவம்பர் 22. வாஷிங்டன் அணியின் மைதானத்தில் மூன்றாவது கால்பகுதி ஆட்டம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ஜோ பரோ பந்தை எறிந்த மறுகணமே எதிரணியினர் இருவர் அவர்மேல் மோதினார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இடது முழங்கால் வளையக்கூடாத பக்கம் வளைந்தது. உள்ளே தசைநார்கள் கிழிந்தன. அவரை வண்டியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். ஏழு மாதங்களுக்கு முன்புதான் நாட்டின் எல்லாக் கல்லூரி வீரர்களையும் தாண்டி அவரை முதல் ஆளாக எடுத்திருந்தது பெங்கால்ஸ். ஆடிய 10 ஆட்டங்களில் 32 முறை அவர் பந்துடன் தரையில் வீழ்த்தப்பட்டிருந்தார்.

இது அமெரிக்க ஃபுட்பால். கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் முட்டை வடிவப் பந்து. தெரியாதவர்களுக்கு இந்தக் கட்டுரை அளவுக்கு இவ்வளவு போதும்: பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். அந்த ஐவரில் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் டேக்கிள். தூரத்தில் ஓடிப் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். சுவர் உடைந்து, எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்ந்தால் அதற்குப் பெயர் சேக்.

அந்தப் பருவத்தில் பெங்கால்ஸ் 4 ஆட்டங்கள் வென்று, 11 தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. அதனால் 2021 டிராஃப்ட் என்னும் வீரர் தேர்வில் ஐந்தாவது இடம் கிடைத்தது. அந்த இடத்தில் யாரை எடுப்பது என்ற கேள்விக்கு இரண்டு பெயர்கள் முன்னால் வந்தன. ஒருவர் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் பெனே சூவெல். ஆறடி ஐந்தங்குலம், 150 கிலோ, டேக்கிள். மற்றவர் ஜமார் சேஸ், ரிசீவர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பரோ எறிந்ததைப் பிடித்து 2019 பருவத்தின் கல்லூரிப் பட்டத்தை அவரோடு சேர்ந்து வென்றவர்.

முழங்கால் கிழிந்த எறியாளன் இருக்கிறான்; சுவர் ஓட்டையாக இருக்கிறது. டேக்கிளை எடுக்காமல் வேறு யாரை எடுப்பது? பெரும்பாலோர் இப்படித்தான் கேட்டார்கள். முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பெங்கால்ஸ் எடுத்தது சேஸை. அதன் பின்னால் இருக்கக்கூடிய கணக்கு, விளையாட்டில் அக்கறை இல்லாதவரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு என்பது என் எண்ணம்.

டிராஃப்ட் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நமக்குப் பழக்கமான ஐ.பி.எல். ஏலத்தில் கையில் காசு உள்ளவர் கை தூக்கலாம், விலை ஏறும், அதிகம் கொடுப்பவருக்கு ஆள். டிராஃப்ட்டில் விலை பேசுவதே கிடையாது. போன பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், பட்டம் வென்ற அணி கடைசியில். 32 அணிகள், ஏழு சுற்றுகள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் முன்வைத்த யோசனை இது. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போனதால் அவர் அணி தேறவே இல்லை. 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதலில் வாசிக்கப்பட்ட பெயர் ஜே பெர்வேங்கர். அவர் என்.எஃப்.எல். என்ற அந்தத் தொழில்முறை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எடுப்பது வேறு, பெறுவது வேறு என்பதற்கு அந்த முதல் பெயரே சாட்சி.

விலை பேசாத இந்தச் சந்தையில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. 2010 வரை முதல் சில இடங்களில் எடுக்கப்பட்ட வீரர்கள் அணியோடு பேரம் பேசிப் பெரும்பணம் வாங்கினார்கள். அந்த ஆண்டு முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டு ஒப்பந்தம், 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உறுதிப் பணம். 2011-இல் அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் புதிய ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டின் முதல் ஆள் கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்காண்டுக்கு 2.2 கோடி. அன்றுமுதல் புதிய வீரரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதுதான். அவர் எறிகிறாரா, பிடிக்கிறாரா, உதைக்கிறாரா என்பதை அந்த அட்டவணை கேட்பதில்லை.

எல்லாமே இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கிறது. ஐந்தாவது இடத்தில் யாரை எடுத்தாலும் 2021-இல் நான்காண்டுக்குச் சுமார் 3.08 கோடி டாலர், ஆண்டுக்கு 77 லட்சம். ஆனால் அதே வேலையை அனுபவம் உள்ளவரிடம் வாங்க வேண்டுமென்றால் வெளிச்சந்தையில் என்ன விலை? அன்றைய நிலவரத்தில் உச்ச ரிசீவரான டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் ஆண்டுக்கு 2.725 கோடி வாங்கினார். உச்ச டேக்கிள் 2.3 கோடியை ஒட்டி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 1.6 கோடி. பந்தை உதைக்கும் கிக்கரில் தலைசிறந்தவருக்கு 50 லட்சத்தை ஒட்டி. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 4.5 கோடி.

இவற்றிலிருந்து அந்த 77 லட்சத்தைக் கழித்துப் பாருங்கள். எடுத்த இளைஞன் அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டால், குவார்ட்டர்பேக்கில் ஆண்டுக்கு 3.7 கோடிக்கு மேல் மிச்சம். ரிசீவரில் சுமார் 1.95 கோடி. டேக்கிளில் 1.53 கோடி. ரன்னிங் பேக்கில் 83 லட்சம். கிக்கரில் மிச்சமே இல்லை. உலகின் தலைசிறந்த கிக்கராகவே அவன் ஆனாலும் அணிக்கு நட்டம். இந்த மிச்சத்துக்குப் பொருளியலாளர்கள் வைத்த பெயர் உபரி மதிப்பு. ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, 2021-இல் 18.25 கோடி டாலர். அந்த வரம்புக்குள் ஓரிடத்தில் மிச்சப்பட்டது இன்னோரிடத்தில் ஆளாகும். ஆகவே எந்த நிலைக்கு முன்னுரிமை என்ற கேள்வியின் ஒரு பாதி ஆடுகளத்தில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டு ஓக்லண்ட் ரெய்டர்ஸ் தன் முதல் சுற்றில், 17-வது ஆளாக, செபாஸ்டியன் ஜானிகோவ்ஸ்கி என்ற கிக்கரை எடுத்தது. நல்ல கிக்கர்தான், நெடுங்காலம் ஆடினார். அந்தத் தேர்வை நான் ஏற்கமாட்டேன். பெங்கால்ஸும் 2021-இல் ஒரு கிக்கரை எடுத்தது. எவன் மெக்ஃபர்சன், ஐந்தாம் சுற்றில், 149-வது ஆளாக. அவர் பெயர் மீண்டும் வரும்.

ஆனால் சேஸா சூவெலா என்ற கேள்வியை இந்தக் கழித்தல் மட்டும் தீர்த்துவிடாது. இருவருக்கும் இடையிலான வேறுபாடு ஆண்டுக்கு 42 லட்சம். 18 கோடியில் அது சிறு தொகை. வேறொரு கணக்கு வேண்டும், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு: தள்ளிப்போட்டால் எவ்வளவு இழப்பேன்?

எண்கள் கற்பனை; கணக்குக்காக மட்டும். டேக்கிள் அ என்பவருக்கு 92 மதிப்பெண், ரிசீவர் ஆ என்பவருக்கு 90 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் டேக்கிளைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நாம் வாங்க வந்தது ஒருவரை அல்ல. இரண்டாம் சுற்றில் மீண்டும் நம் முறை வரும். அந்த ஆண்டு டேக்கிள்கள் நிறைய. இரண்டாம் சுற்றிலும் 82 மதிப்பெண் டேக்கிள் இருப்பார். ரிசீவர்களோ அதற்குள் போய்விடுவார்கள், 75-தான் மிஞ்சும். முதலில் டேக்கிள், பிறகு ரிசீவர் என்றால் 92-உம் 75-உம் சேர்ந்து 167. முதலில் ரிசீவர், பிறகு டேக்கிள் என்றால் 90-உம் 82-உம் சேர்ந்து 172. உயர்ந்த மதிப்பெண்காரரை விட்டுவிட்டதால் அணிக்கு லாபம் ஐந்து.

முகூர்த்த நாளில் கோயம்பேட்டுக்குப் போகிறவர் செய்வதும் இதுதான். வீட்டில் அரிசி முதலில் தீர்ந்திருக்கலாம். ஆனால் அவர் நேரே போவது பூக்கடைக்கு. அரிசி சாயங்காலமும் கிடைக்கும். மல்லிகை ஒன்பது மணிக்கு இருக்காது. தேவையின் அளவு ஒன்று, அவசரத்தின் அளவு வேறொன்று.

தேவை என்ற சொல்லை இந்தக் கணக்கு ஒதுக்கிவிடவில்லை. அதன் இடத்தை மாற்றுகிறது. இப்போது அந்த இடத்தில் ஆடுகிறவரின் மதிப்பெண் எவ்வளவு என்பது கழித்தலில் வந்துவிடும். அதற்கு மேல் தேவையைத் தூக்கிப்பிடிப்பதில் ஒரு பிழை இருக்கிறது: ஓட்டை இன்றையது, ஒப்பந்தம் நான்காண்டுக்கு. இந்த ஆட்டத்தில் முழங்காலும் கணுக்காலும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இன்று ஓட்டையாக இருக்கும் இடம் அடுத்த ஆண்டு அடைபட்டிருக்கலாம், பலமான இடம் அதே வாரத்தில் ஓட்டையாகலாம். 2021 மார்ச்சில் பெங்கால்ஸிலேயே இது நடந்தது. நெடுநாள் முதன்மை ரிசீவராக இருந்த ஏ.ஜே. கிரீன் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அதே மாதம் ரைலி ரீஃப் என்ற அனுபவசாலி டேக்கிளை ஓராண்டு ஒப்பந்தத்தில் அணி வாங்கியது. ஒரு பக்கம் ஓட்டை திறந்தது, மறுபக்கம் ஒட்டுப் போடப்பட்டது. முழங்கால் காயத்தின் படம் மட்டும் எல்லார் கண்ணிலும் நின்றுவிட்டது.

மேலே போட்ட 92, 90 எல்லாம் கையில் தராசு இருப்பதுபோல எழுதியது. அந்தத் தராசு எவ்வளவு நம்பத்தக்கது? கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்தார்கள். தேலர், 2017-இல் பொருளியலுக்கான நோபல் பெற்றவர். அவர்களுடைய ஆய்வு, ‘தோற்றவரின் சாபம்’ என்ற தலைப்பில், 2013-இல் வெளிவந்தது. ஒரே நிலையில் ஆடும் இரண்டு பேர். ஒருவர் முன்னால் எடுக்கப்பட்டார், அவருக்கு அடுத்து அதே நிலையில் எடுக்கப்பட்டவர் இன்னொருவர். முன்னவர் பின்னவரைவிட அதிக ஆட்டங்களில் தொடக்க வீரராக ஆடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? ஏறத்தாழ 52 விழுக்காடு. நாணயம் சுண்டினால் 50.

ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் தேர்வாளர்கள், இண்டியானபொலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனைகள், கை நீளத்தை அங்குலத்தில் அளப்பது, மணிக்கணக்கில் நேர்காணல். எல்லாம் சேர்ந்து நாணயத்தைவிட இரண்டு புள்ளிதான் தள்ளுகின்றன. அவர்கள் வேலை தெரியாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. தகுதியில் முன்னிற்கும் நூறு பேரை ஆயிரக்கணக்கானவரிலிருந்து பிரிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பிரித்த பிறகு, அருகருகே இருக்கும் இருவரில் யார் உசத்தி என்று சொல்வது மனித அறிவுக்கு எட்டாத அளவுக்குக் கடினம். இருபத்தொரு வயதுப் பையனின் நாளைய உடம்பையும் மனத்தையும் அவனே அறியமாட்டான்.

அப்படியானால் அணிகள் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு சீட்டின்மேல் பெரும்பணம் கட்டாமல் சீட்டுகளை அதிகமாக்க வேண்டும். அணிகள் தங்களுக்குள் முறைகளைப் பரிமாறிக்கொள்ளலாம். அதற்கு ஒரு விலைப்பட்டியலே உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்காக, அதன் பங்குதாரரும் பொறியாளருமான மைக் மெக்காய் போட்டது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அதை அழைக்கிறார்கள். முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, ஐந்தாவதுக்கு 1700, 32-வதுக்கு 590. அப்போது உண்மையில் நடந்துகொண்டிருந்த பரிமாற்றங்களைப் பார்த்து வரைந்த பட்டியல் அது. வீரர்கள் களத்தில் எவ்வளவு தேறினார்கள் என்பதைப் பார்த்து அல்ல. ஆனால் பிறகு எல்லா அணிகளும் அதையே பிடித்துக்கொண்டு பேரம் பேசின. சந்தை விலையைக் குறித்துவைத்த தாள் சந்தைக்கே விலை சொல்லத் தொடங்கியது.

மாசியும் தேலரும் அந்த வளைவைக் களத்தில் கிடைத்த பலனோடு ஒப்பிட்டார்கள். விலை செங்குத்தாகச் சரிகிறது. பலன் அவ்வளவு வேகமாகச் சரிவதில்லை. பழைய சம்பள முறையில், செலவைக் கழித்த பிறகு அணிக்கு அதிகம் மிஞ்சியது முதல் சுற்றின் உச்சியில் அல்ல, இரண்டாம் சுற்றில். உதவியாகத் தோற்றவருக்குத் தரப்பட்ட முதல் தேர்வு சுமையாக முடிந்தது. ஆய்வின் தலைப்பு அங்கிருந்து வந்தது. 2011-க்குப் பிறகு உச்சியின் சம்பளம் இறங்கியதால் அந்தச் சாபம் பெரிதும் தணிந்தது. ஆனால் 52 விழுக்காடு என்ற உண்மை சம்பளத்தைச் சார்ந்ததல்ல.

இப்போது 2021-இன் இரண்டாம் சுற்றுக்குப் போவோம். சேஸை எடுத்தாயிற்று, டேக்கிளுக்குக் காத்திருந்த முறை இது. பெங்கால்ஸின் இடம் 38. அதை நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் கொடுத்து 46, 122, 139 ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டது. ஜான்சன் பட்டியலில் 38-க்கு 520 புள்ளி. 46-க்கு 440, 122-க்கு 50, 139-க்கு 36.5, கூட்டினால் 526.5. புத்தகக் கணக்கில் சரியான வியாபாரம். ஒரு சீட்டு மூன்றாயிற்று. 46-இல் எடுத்தது ஜாக்சன் கார்மன், கிளெம்சன் பல்கலைக்கழக டேக்கிள்.

அந்த மூன்று சீட்டுகளில் எதுவும் விழவில்லை. கார்மன் நிலையான இடம் பிடிக்காமலே 2024-இல் விடுவிக்கப்பட்டார். பேட்ரியட்ஸ் அந்த 38-இல் எடுத்த கிறிஸ்டியன் பார்மோர் அதே 2024-இல் பெரிய ஒப்பந்தம் பெற்றார். அதே இரண்டாம் சுற்றில் 63-வது ஆளாகக் கான்சஸ் சிட்டி எடுத்த கிரீட் ஹம்ஃப்ரி, சுவரின் நடுவில் நிற்கும் சென்டர்; தன் நிலையில் நாட்டின் முதல்வரிசைக்கு உயர்ந்தார். காத்திருந்தால் சுவருக்கு நல்ல ஆள் கிடைப்பார் என்ற அனுமானம் சரியாகவே இருந்தது. கிடைத்த இடத்தில் கை வேறொருவர்மேல் விழுந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. சூவெலை ஏழாவது இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. லயன்ஸுக்கும் ரிசீவர் தேவைப்பட்டது. பொறுத்திருந்தது. நான்காம் சுற்றில், 112-வது ஆளாக, அமோன்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தது. அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பதினாறு பெயரையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார்! நாட்டின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவராக ஆனபிறகும் அந்தப் பட்டியல் அவர் நாவில் இருக்கிறது. ரிசீவர்கள் தீர்ந்துவிடுவார்கள், 75-தான் மிஞ்சும் என்று நான் மேலே எழுதினேனே, 112-இல் ஒரு 90 உட்கார்ந்திருந்தது. அங்கே 90 இருப்பது டெட்ராய்ட்டுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நடுவில் மூன்று முறை வேறு ஆட்களை எடுத்திருக்காது. 52 விழுக்காடு என்பது ஒரு மனிதரின் வாழ்க்கையில் இறங்கும்போது இப்படித்தான் இறங்குகிறது.

சேஸ் அந்த முதல் பருவத்தில் 81 பந்துகளைப் பிடித்து 1,455 யார்டு சேர்த்தார், 13 முறை எல்லைக்கோட்டைத் தொட்டார் (டச்டவுன்). ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது அவருக்கு. 31 ஆண்டுகளாக பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாத பெங்கால்ஸ் 2022 ஜனவரியில் மூன்றை வென்றது. டென்னஸியில் பரோ 9 முறை சேக் ஆனார். இருந்தும் 19-16 என்று வெற்றி. அன்று கடைசி உதையை 52 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே செலுத்தியவர் அந்த 149-வது ஆள், மெக்ஃபர்சன். அடுத்த வாரம் கான்சஸ் சிட்டியிலும் கூடுதல் நேரத்தில் அவர் காலே முடித்துவைத்தது. ஜானிகோவ்ஸ்கிக்கு ஒரு முதல் சுற்றே செலவானது. இவருக்கு ஐந்தாம் சுற்றின் ஒரு சீட்டு.

பருவம் முழுக்க பரோ 51 முறை வீழ்த்தப்பட்டார். பிளேஆஃபில் மேலும் 19. மொத்தம் 70. சூவெலை எடுத்திருக்க வேண்டும் என்றவர்கள் கையில் இருக்கும் எண் இதுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழிந்து தைத்த முழங்காலோடு எழுபது முறை தரையில் விழுந்தது ஒரு மனித உடம்பு. ஆனால் அந்த எழுபதையும் ஒரு டேக்கிளின் கணக்கில் எழுத முடியாது. குவார்ட்டர்பேக் அணி மாறும்போது அவருடைய சேக் விகிதமும் பெருமளவு அவரோடு கூடவே போகிறது என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். தூரத்து ஆள் விடுபடட்டும் என்று பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறவருக்குச் சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடி உண்டு.

இன்னொன்று, சுவரின் இயல்பு. ரிசீவர்கள் மூவரில் ஒருவர் விடுபட்டால் போதும், பந்து அவருக்குப் போகும். அங்கே கணக்கில் வருவது தலைசிறந்தவர். சுவரில் ஐவரில் ஒருவர் உடைந்தாலே போதும், குவார்ட்டர்பேக் வீழ்வார். அங்கே கணக்கில் வருவது பலவீனமானவர். எதிரணி தன் வலிய ஆளை நம் நோஞ்சான் ஆளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தும். கரை நான்கு இடத்தில் இற்றுப்போன ஏரியில் ஒரே ஓர் இடத்தைக் கருங்கல்லால் கட்டினால் தண்ணீர் நிற்காது. ஆகவே ரிசீவரில் ஒருவரை உச்சத்துக்கு வாங்க வேண்டும். சுவரில் ஐவரையும் நடுத்தரத்துக்கு மேல் கொண்டுவர வேண்டும். உச்ச ஆள் டிராஃப்ட்டின் தலையில்தான் பெரும்பாலும் கிடைப்பார். நடுத்தரத்துக்கு மேற்பட்டவர்களை வெளிச்சந்தையில் காசு கொடுத்து வாங்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, பழுத்த பயிற்சியாளர் பில் பார்சல்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவ்வளவு பெரிய உடம்போடு அவ்வளவு வேகமாக நகரும் மனிதர்கள் இந்தப் பூமியில் சிலரே. கண்டால் விடாதே என்பது. அதில் உண்மை இருக்கிறது. 150 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு நடனக்காரர் போலக் கால் மாற்றுகிற சூவெலைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மாறாக ரன்னிங் பேக்கின் உடம்பு அவ்வளவு அரிதல்ல. 2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது தேர்வில் சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஏழாவதாகப் பஃபலோவுக்குப் போனார். பார்க்லியின் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. 2024-இல் அவரை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலருக்கு, அதாவது ஆண்டுக்கு 1.26 கோடிக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் 2,005 யார்டு ஓடினார்; ஈகிள்ஸ் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை வென்றது. டிராஃப்ட்டின் உச்சியைச் செலவழிக்காமலே வெளிச்சந்தையில் கிடைத்த ஆள்.

2022 பிப்ரவரி 13. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சோஃபை மைதானத்தில் சூப்பர் பௌல், எதிரே ராம்ஸ். பெங்கால்ஸ் 20-23 என்று பின்தங்கியிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நான்காவதும் கடைசியுமான முயற்சி, தேவை ஒரே ஒரு யார்டு. ஒட்டுப் போட வாங்கிய ரீஃப் டிசம்பரிலேயே காயப்பட்டு வெளியே. பருவத்தின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இப்போது வலது ஓரத்தில். ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தில் உடைந்தது ஓரம் அல்ல. ராம்ஸின் ஆரன் டானல்ட் சுவரின் உட்பக்கத்தால் நுழைந்தார். பரோவைப் பிடித்துச் சுழற்றினார். பந்து யாருமில்லாத இடத்தில் போய் விழுந்தது. அதே நொடியில் களத்தின் ஓர் ஓரத்தில், காவல் நின்ற ஜேலன் ராம்சே சறுக்கிவிட, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.

இரு தரப்பும் அந்த ஓர் ஆட்டத்தைத்தான் இன்றும் தங்கள் சான்றாகக் காட்டுகின்றன. சுவர் நின்றிருந்தால் பந்து சேஸிடம் போயிருக்கும் என்கிறது ஒன்று. சூவெல் இருந்திருந்தாலும் அவர் நிற்கும் இடம் ஓரம், டானல்ட் வந்தது உள்ளே என்கிறது மற்றது. ஓர் ஆட்டத்தை வைத்து ஓராண்டு முன்பு எடுத்த முடிவை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிவியலில் இதற்குச் செய்வது, ஒன்றை மட்டும் மாற்றிச் சோதனையை மீண்டும் நடத்துவது. 2021-ஐ மீண்டும் நடத்த முடியாது. டெட்ராய்ட்டும் 32 ஆண்டுகளுக்குப் பின் 2024 ஜனவரியில் தன் பிளேஆஃப் வெற்றியைச் சூவெலோடும் செயின்ட் பிரவுனோடும் பார்த்துவிட்டது. இரண்டு ஊரும் தங்களுக்குக் கிடைத்தவரைக் கொண்டாடுகின்றன. இரண்டு ஊருக்கும் அதற்கு நியாயமுண்டு. முடிவு எடுத்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்துக் கேட்டால், நான் சேஸ் பக்கம்.

தோல்விக்கு அடுத்த மாதமே பெங்கால்ஸ் வெளிச்சந்தைக்குப் போய்ச் சுவருக்கு மூன்று பேரை வாங்கியது: அலெக்ஸ் காப்பா, டெட் கராஸ், லாயெல் காலின்ஸ். வாங்கப் பணம் இருந்தது. ஏனென்றால் எறிகிறவரும் பிடிக்கிறவரும் அப்போது புதுமுகச் சம்பளத்தில்தான் இருந்தார்கள். நாம் கழித்துப் பார்த்த அந்த உபரி, மூன்று காவலர்களாக மாறி வந்து நின்றது. 2022-இல் பரோவின் சேக் எண்ணிக்கை 51-லிருந்து 41 ஆயிற்று.

அந்த உபரி நிலைத்திருப்பதில்லை. 2023-இல் பரோவுக்கு ஐந்தாண்டுக்கு 27.5 கோடி டாலர். 2025 மார்ச்சில் சேஸுக்கு நான்காண்டுக்கு 16.1 கோடி, ஆண்டுக்கு 4 கோடிக்கு மேல். டெட்ராய்ட் 2024-இலேயே சூவெலுக்கு நான்காண்டுக்கு 11.2 கோடி கொடுத்துவிட்டது. எறிகிறவரின் சம்பளம் ஏறிவிட்டது, பிடிக்கிறவருடையது ஏறப்போகிறது என்ற நிலையில், காவலர்களை வெளியே வாங்கும் பணம் பெங்கால்ஸிடம் சுருங்கிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரல் டிராஃப்ட்டில் அதன் முறை 18-வதாக வந்தது. எடுத்த பெயர் அமேரியஸ் மிம்ஸ், ஜார்ஜியா பல்கலைக்கழகம். கல்லூரியில் அவர் தொடக்க வீரராக ஆடியது எட்டே ஆட்டங்கள். டேக்கிள்.